மாடியில் பெரிய டிஷ் திரும்பவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் நாலு வயரைப் பாருங்க!

"டிஷ்ஷு திரும்ப மாட்டேங்குது கண்ணு. ஆளக் கேட்டா மோட்டாரையே மாத்தோணும்ங்கறாங்க."

ராசிபுரத்திலிருந்தோ பரமத்தி வேலூரிலிருந்தோ அப்பா இப்படி போன் செய்தால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என்ன சொல்வார்? "அதைக் கழட்டிப் போட்டுட்டு வேற ஏதாவது வச்சுக்கலாம்ப்பா" என்பதுதான் சுலபமான பதில். ஆனால், டிஷ் நின்றுவிட்டால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மோட்டாருக்குப் போகும் நாலு வயரில் கோளாறு எங்கே என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரே காட்டிக் கொடுத்துவிடும்.

எதுக்கு மோட்டார்?

வீடுகளில் இருக்கும் சின்ன டிஷ் ஒரே இடத்தைத்தான் பார்க்கும். டிடி ஃப்ரீ டிஷ் என்றால் கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15. 6 அடி, 8 அடி 'சி-பேண்ட்' டிஷ் கதை வேறு. மாதக் கட்டணம் இல்லாத சேனல்கள் பல செயற்கைக்கோள்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் பிடிக்க டிஷ் கிழக்கு மேற்காகத் திரும்ப வேண்டும்.

சேலத்திலிருந்து பார்த்தால், 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-30 கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சுமார் 75 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 68.5 டிகிரியில் இருக்கும் இன்டல்சாட்-20 தென்மேற்கில் சுமார் 72 டிகிரி உயரம். 105.5 டிகிரிக்குப் போக, கிழக்குப் பக்கமாகச் சுமார் 55 டிகிரி உயரத்துக்குச் சாய வேண்டும். 1991-ல் ஸ்டார் டி.வி. இந்தியாவுக்குள் வந்தது அந்த இடத்திலிருந்த ஏசியாசாட்-1 வழியாகத்தான்.

நாலு வயர், ரெண்டு வேலை

டிஷ்ஷைத் தள்ளி இழுக்கும் நீளமான குழாய்க்குப் பெயர் ஆக்சுவேட்டர். அதன் அடியில் 36 வோல்ட் டி.சி. மோட்டார் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் பொசிஷனர் பெட்டியிலிருந்து அதற்கு நாலு வயர் போகும். எம்1, எம்2 என்ற இரண்டும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பவை. பிளஸ், மைனஸ் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

எஸ்1, எஸ்2 இரண்டும் கணக்கு வயர்கள். மோட்டாரோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அது பக்கத்தில் வரும்போதெல்லாம் 'ரீட் சுவிட்ச்' என்ற குட்டிச் சுவிட்ச் மூடித் திறக்கும். அதை எண்ணித்தான் டிஷ் எங்கே நிற்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்கிறது.

தொடும் முன்

வயரைக் கழற்றவோ மாட்டவோ போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 36 வோல்ட் பெரிய ஆபத்தில்லை என்றாலும் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. சோதனைக்காகக் கீழே ஒருவர் பட்டனை அழுத்தும்போது, மேலே இருப்பவர் டிஷ் திரும்பும் பாதையில் நிற்கவே கூடாது. மாடி ஓரத்தில் இருக்கும் டிஷ் என்றால், தனியாக ஏறாதீர்கள்.

அறிகுறியே பழுதைச் சொல்லும்

*அசையவே இல்லை, சத்தமும் இல்லை:* முதலில் பெட்டியின் ஃபியூஸ். அது சரியென்றால், ஒருவர் கிழக்கு பட்டனை அழுத்த, எம்1, எம்2-ல் மீட்டரை வையுங்கள். பெட்டியில் 36 வோல்ட் வந்து, மோட்டார் முனையில் வரவில்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அணில் கடித்திருக்கலாம், வெயிலில் உறை வெடித்திருக்கலாம். மோட்டார் வரை வோல்ட் வந்தும் சுற்றவில்லையா? மேற்கு பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்தப் பக்கம் ஓடினால் மோட்டார் நல்லா இருக்கு. எல்லை சுவிட்ச்தான் நிறுத்தியிருக்கிறது. ரெண்டு பக்கமும் ஓடாவிட்டால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

*சில விநாடி ஓடி, பிழை காட்டி நிற்கிறது:* இது கணக்கு வயர் கோளாறு. எஸ்1, எஸ்2-வைப் பெட்டியிலிருந்து கழற்றி, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் 'பீப்' நிலையில் வைத்து அதில் மாட்டுங்கள். மோட்டார் ஓடும் அந்தச் சில விநாடிகளில் 'பீப்' சத்தம் விட்டு விட்டு வர வேண்டும். ஒரேயடியாக ஒலித்தாலோ, ஒலிக்காமலே இருந்தாலோ ரீட் சுவிட்ச் அல்லது அதன் வயர் போச்சு. வயர்களை மாற்றி மாட்டி 36 வோல்ட்டை இதற்குள் விட்டால் சுவிட்ச் கருகிவிடும், ஜாக்கிரதை.

*முனகிக்கொண்டு மெதுவாகப் போகிறது:* வயர் மெல்லிசாக இருக்கலாம். 0.75 சதுர மி.மீ. செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர். மின்தடை சுமார் 1.4 ஓம். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காலி. 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு பாதியாகும். வோல்ட் சரியாக இருந்தும் முனகினால், டிஷ் திரும்பும் இணைப்புகளில் துரு பிடித்திருக்கும். கிரீஸ் வைத்துப் பாருங்கள்.

*திரும்புகிறது, படம் வரவில்லை:* எல்.என்.பி. போச்சு என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். 8 அடி டிஷ்ஷின் பார்வை சுமார் 2 டிகிரி அகலம்தான். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சிக்னல் போய்விடும். பட்டனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். படம் வந்துவிட்டால் அந்த இடத்தைப் பெட்டியில் மறுபடி பதிவு செய்தால் போதும். அடிக்கடி பிசகினால், கணக்கு வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாமல், உறை போட்ட தனி வயராக இழுக்க வேண்டும். எங்கே தட்டியும் படம் வராவிட்டால் அடுத்து எல்.என்.பி.க்குப் போகும் கேபிள். அதன் கனெக்டரில் தண்ணீர் இறங்கிக் களிம்பு ஏறியிருக்கும்.

மோட்டாரேதான் பழுது என்றால்?

அப்போதும் உடனே புதுசு வாங்க வேண்டியதில்லை. லாரி வைப்பரில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் மோட்டார்தான் இதிலும் இருக்கிறது. லாரி பாடி கட்டும் ஊரான நாமக்கல்லிலும், சங்ககிரியிலும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமில்லை. பிரஷ் தேய்ந்திருந்தால், அளவு பொருந்தும் பிரஷ் போட அவர்களுக்குத் தெரியும்.

சரிசெய்த பிறகு ரெண்டு வேலை பாக்கி இருக்கிறது. மோட்டார் மூடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டை கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதை அடைத்துவிடாதீர்கள். வயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் பிளக், கேபிள் ரெண்டையும் பிடுங்கிவிடுவது நல்லது.

அடுத்த முறை அந்த போன் வந்தால், மகன் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: "மோட்டார் சத்தமே வரலியாப்பா, இல்ல ஓடி நின்னு போகுதா?" எந்த வயரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அப்பாவின் பதிலே போதும்.