தாலியா, தாய்நாடா?

படம் தொடங்கிய உடனே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான்! சுட்டவர் யார் என்று திரையில் தெரியாது. சரி, ஒரு பாட்டாவது வரும் என்று காத்திருந்தால் கடைசி வரை அதுவும் கிடையாது.

1954-ம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளிவந்த "அந்த நாள்" படம்தான் அது. எடுத்தவர், காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். டைரக்டர், வீணை எஸ்.பாலசந்தர். வீணை வித்துவானின் படத்தில் பாட்டே இல்லை. வேடிக்கைதான்!

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது அல்லவா? அந்தச் சமயத்தில் நடக்கும் கதை. ரேடியோ என்ஜினீயர் ராஜனாக சிவாஜி கணேசன். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில், ரகசியங்களை ஜப்பானுக்கு விற்கிறான். துப்புத் துலக்க வருகிறார் ரகசியப் போலீஸ் அதிகாரி ஜாவர் சீதாராமன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். கடைசியில் பார்த்தால், சுட்டவள் அவன் மனைவி உஷா! (பண்டரிபாய்)

வீட்டுக்குள் வழக்கு

நெற்குப்பையில் ஒரு வீட்டில், செல்போனில் இந்தப் படத்தைப் பார்த்து முடித்த பேரனுக்குக் கோபம்.

"தம்பி சுட்டதாக ஒரு காட்சி, தம்பி மனைவி சுட்டதாக ஒரு காட்சி. நடக்காததை எல்லாம் காட்டி ஏமாற்றலாமா, அப்பத்தா?"

"அவுகவுக சந்தேகத்தைச் சொல்றாக. கோர்ட்டிலயும் அப்படித்தானப்பா!"

அப்பத்தா சொல்வது நியாயமே. ஜப்பானியப் படமான "ராஷோமோன்" 1950-ல் காட்டிய வழிதான் இது.

பேரன் விடவில்லை. "அன்றைக்கு நம்மை ஆண்டவன் வெள்ளைக்காரன். அவனுடைய எதிரிக்கு உதவியவன் துரோகியா? நேதாஜியும் ஜப்பான் உதவியைத்தானே நாடினார்?"

இது லேசான கேள்வி அல்ல. நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும் அதே 1943 அக்டோபரில்தான். ஆனால் செட்டிநாட்டுக்கு ஜப்பான் குண்டு என்பது வெறும் சினிமா இல்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கொண்டுவிக்கப் போயிருந்த செட்டியார்கள் கடையையும் வயலையும் விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. கப்பல் கிடைக்காத பலர் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம்.

"எங்க அப்பச்சி பர்மாவிலேருந்து நடந்தே வந்தாக. நேதாஜி நாட்டுக்காகப் போனாக. இவன் கோபத்துல போனான். குண்டு யார் தலையில விழும்னு நினைச்சானா?"

"அதற்காகக் கட்டிய புருஷனையே சுடுவதா? போலீசில் சொல்லியிருக்கலாமே!"

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் காட்சியைத் திரும்பப் போடு. சுடுறப்ப வளையல் சத்தம் கேக்குதான்னு பார்ப்போம்."