காஞ்சிக் கட்டடங்களுக்கு ஒரு நேர்ப்படம்

காஞ்சிபுரத்துக்கு வந்து போகிற அநேகமாக எல்லோர் கைபேசியிலும் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் இருக்கும். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய, சுமார் 190 அடி உயரக் கோபுரம் அது. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால், படத்தில் கோபுரம் பின்பக்கமாக மல்லாந்து கிடக்கும். இரண்டு ஓரங்களும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். பெட்டி வடிவ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று படத்தில் இப்படிக் கோணலாகத் தெரிந்தால், இது கேமராவின் வேலை என்று நம் மனமே திருத்திக்கொள்ளும். கோபுரத்தில் அந்தத் திருத்தம் நடக்காது. அது இயல்பிலேயே மேலே குறுகுகிற கட்டடம். ஸ்தபதி வைத்த குறுகல் எவ்வளவு, லென்ஸ் சேர்த்த குறுகல் எவ்வளவு என்று படத்தைப் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. கணக்குப் போட்டு வைத்த சரிவு அந்தப் படத்தில் காணாமல் போய்விடுகிறது. கட்டடத்தைப் படம் எடுப்பவரின் முதல் கடமை, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொய்யில்லாமல் சொல்வது; அழகு அதற்குப் பிறகுதான். பல்லவர் முதல் விஜயநகரம் வரை பல கைகள் மாறி மாறிக் கட்டிய காஞ்சி போன்ற ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இழப்பு பெரிது.

கோணலைத் தவிர்க்கத் தொழில்முறைக் கலைஞர்களிடம் ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி உச்சிவரை பிடித்துவிடலாம். அது இல்லாதவர்கள் சன்னிதித் தெருவில் நன்றாகப் பின்னுக்குப் போய், முடிந்தால் ஒரு மாடியில் ஏறி, கைபேசியை நட்டமாகப் பிடித்து எடுத்தால் போதும். கீழே தேவையில்லாமல் விழும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அருகில் நின்று அகலக்கோணத்தில் எடுப்பதைவிடத் தூரத்தில் நின்று ஜூம் செய்வது கட்டடத்தின் உண்மையான அளவுக்கு நெருங்கி வரும். கோபுரத்தின் கீழ்ப்பகுதி கல், மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும் என்ற அடிப்படையான விஷயம்கூட இப்படி எடுத்த படத்தில்தான் தெளிவாகப் புலப்படும்.

வடிவத்தைக் காட்டுவது லென்ஸ் என்றால், பொருளைக் காட்டுவது வெயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் அடித்தளத்தில் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் மழையிலும் காற்றிலும் தேய்கிற கல். தேய்ந்த இடங்களில் பிற்காலத்தவர் சுதை பூசி, முகத்தையும் கையையும் புதிதாக வடித்திருக்கிறார்கள். முன்னங்கால் தூக்கி நிற்கும் சிங்கத் தூண் ஒன்றை உச்சிவெயிலில் எடுத்தால் கல்லும் சுதையும் ஒன்றாகக் கலந்துவிடும். வெயில் சுவரை உரசினாற்போல் விழும் காலையில் அதே தூணைப் பார்த்தால், சுதை உதிர்ந்த விளிம்பு மெல்லிய நிழற்கோடாக எழுந்து நிற்கும். எது பல்லவச் சிற்பியின் உளி, எது பின்னால் வந்தவரின் கரண்டி என்பது அந்தக் கோட்டில் பிரியும். கோயில் கிழக்கு பார்த்தது. ஆகவே வடக்குச் சுவரில் இந்த வெளிச்சம் கோடையில்தான் வாய்க்கும், தெற்குச் சுவருக்கு மார்கழி, தை வரவேண்டும். ஒரே நாளில் சுற்றி வந்து எடுத்த படங்கள் அந்தக் கோயிலின் முழுப் பதிவாக முடியாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டாம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. இரண்டாம் நந்திவர்மன் காலத்துக் கோயில் இது. அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு இரண்டு வரிசைகளாகச் சிற்பத்தில் ஓடுகிறது. நன்றாக மிஞ்சியிருக்கும் நாலு பலகைகளைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் பத்திரிகைக்கு அழகான பக்கம் கிடைக்கும். ஆனால் கதை அறுந்துபோகும். பட்டாபிஷேகம் எதற்கு அடுத்து வருகிறது, போர் எதற்கு முன் வருகிறது என்ற வரிசையும் அந்தக் கட்டட அமைப்பில் சேர்ந்ததுதான். ஆய்வாளர் சி. மீனாட்சி அந்தச் சிற்பங்களைத் தொடராகப் படித்து எழுதிய நூலை, அவர் மறைந்த பிறகு 1941-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. முகம் தேய்ந்துபோன பலகைக்கும் அந்தத் தொடரில் ஓர் இடம் உண்டு. ஆகவே எல்லாப் பலகைகளையும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், வரிசை மாறாமல் எடுப்பதுதான் அந்தச் சுவருக்கு நியாயம்.

‘புகைப்படமும் கலைதானே, அதை அளவுகோலாக்கினால் எடுப்பவரின் கண்ணுக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். நம் கோயில்களை முதலில் முறையாகப் படமெடுத்தவர்களில் ஒருவரான லின்னேயஸ் டிரைப்பையே இதற்குப் பதிலாகக் காட்டலாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான அவர், சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் படமெடுத்தார். வெறிச்சோடிய வானம் பிடிக்காமல் நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டியவர் அவர். அந்த அளவுக்குக் கலைக்கண் உள்ளவர்தான், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவுகளில் துண்டு துண்டாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். மேகத்தை அவர் நினைத்தபடி போட்டுக்கொண்டார், எழுத்தில் கைவைக்கவில்லை. எங்கே கற்பனைக்கு இடம், எங்கே இல்லை என்று தெரிந்து நிற்பதில்தான் கண்ணின் வேலை இருக்கிறது.

‘இன்று ஆளுக்கொரு கேமரா இருக்கிறது, படத்துக்கா பஞ்சம்?’ என்பது அடுத்த கேள்வி. படத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஒரே கோபுரம், ஒரே கோணம். தேவைப்படும் நாளில் உதவுவது, அன்று யாரும் திரும்பிப் பார்க்காத மூலையை எடுத்த படம். விருத்தாசலம் கோயிலின் கோஷ்டத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் சிலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974-இல் படமெடுத்து வைத்திருந்தது. பின்னர் திருடுபோன அந்தச் சிலை ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தபோது, அது எந்த ஊர்ச் சாமி என்று நிறுவ அந்தப் பழைய படம் துணைநின்றது. 2014-இல் சிலை நாடு திரும்பியது. கோயில்களில் கைபேசிக்கே தடை இருக்கிறதே என்றால், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட அந்த உத்தரவின் நோக்கம் கோயிலின் தூய்மையையும் புனிதத்தையும் காப்பது. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தின் கையில் கேமரா கூடாது என்றால், அனுமதி பெற்று, கருவறையைத் தவிர்த்து, ஃபிளாஷ் இல்லாமல், முறையாகப் பதிவுசெய்யும் பொறுப்பு நிறுவனங்களுக்கு இன்னும் கூடுகிறது.

கோயிலுக்காவது தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் இருக்கின்றன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களின் வீடுகளுக்கு யாரும் இல்லை. திண்ணை, ஓட்டுக்கூரை, உள்ளே தரையைத் தோண்டி இறக்கிய குழித்தறி, பாவு நீள்வதற்கு ஏற்ற நீளவாக்குக் கூடம் என்று தொழிலே அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறது. தறியை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் பட்டுக்கடை விளம்பரம் ஆகிவிடும். முகப்பை மட்டும் எடுத்தால் பழைய வீடு, அவ்வளவுதான். வாசலிலிருந்து தறிவரை ஒரே படத்தில் வந்தால்தான், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, சேலையின் உடலோடு கரையை இணைக்கும் கோர்வை போட உதவிக்கு நிற்பவர் எங்கே நிற்கிறார், வீடு ஏன் இந்த அமைப்பில் இருக்கிறது என்பதெல்லாம் விளங்கும். புதுக் கட்டடத்தைக் குடிபுகுமுன் ஆளில்லாமல் எடுப்பது இன்றைய விளம்பர வழக்கம். இங்கே ஆளை விலக்கினால் அளவும் போகும், அர்த்தமும் போகும். அண்ணா வாழ்ந்த வீடு அவர் பெயரால் நினைவு இல்லமாக நின்றுவிட்டது. பெயர் பெற்றவர் பிறக்காத வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டாகின்றன. வசதி வேண்டி மாற்றிக் கட்டுகிற குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இடிப்பதற்குமுன் நாலு நேர்ப்படம் எடுத்து வைக்காததற்குத்தான் சாக்குச் சொல்ல முடியாது.

அந்த நாலு படங்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தெருவோடு சேர்த்து முகப்பு ஒன்று, வாசலிலிருந்து உள்ளே ஒன்று, ஓர் ஆள் நிற்க அளவு தெரியும்படி கூடம் ஒன்று, தூணோ கதவோ நெருக்கத்தில் ஒன்று. கூடவே தெருப்பெயர், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்ற குறிப்பு. காஞ்சியில் உள்ள பள்ளிகளும் கல்லூரிகளும் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டால், கோயில்களுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்த வேலை வீடுகளுக்குச் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.