டவருக்கும் ஒரு ஜக்கார்டு



2019-ஆம் ஆண்டு நம் ஊரில் அத்திவரதர் வைபவம். 40 வருஷத்துக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் பெருமாளைப் பார்க்க ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாளும் ஜனவெள்ளம். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கூட்டத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா தன் போனைக் கொடுத்து, "நம்பர் தெரியுமாடா தம்பி?" என்றார். நம்பர் மனப்பாடம். ஆனால் லைன் கிடைக்கவில்லை. சிக்னல் கோடு என்னவோ முழுசாகத்தான் காட்டியது. பத்து தடவை போட்டிருப்பேன். கடைசியில் மைக்கில் பெயர் சொல்லித்தான் அப்பா வந்து சேர்ந்தார்.

"டவர் இருக்கு, லைன் ஏன் கிடைக்கலை?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு இ.சி.இ. மூன்றாம் ஆண்டு வரை ஆயிற்று. தெரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கோடு வேறு, கியூ வேறு

போனில் தெரியும் கோடுகள், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். நமக்கு முன்னால் எத்தனை பேர் கியூவில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது. டவருக்குக் கிடைத்த அலைவரிசை ஓர் அளவுதான். அதை அங்கே நிற்கும் எல்லாரும் பங்கு போட்டாக வேண்டும். அதைத் தாண்டினால் 'கோர்' என்னும் மையம். இந்த சிம் நம்முடையதா, கூப்பிடும் ஆள் எந்த டவரில் இருக்கிறார் என்று பார்த்து இணைப்பது அதன் வேலை.

முன்பு கோரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப்பெட்டி. கூட்டம் வருகிறதென்றால் புதுப் பெட்டி வாங்கி, லாரியில் ஏற்றி, ரேக்கில் மாட்டி, கேபிள் போடுவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும்! 2012 அக்டோபரில் உலகின் பெரிய டெலிபோன் கம்பெனிகள் பல சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பெட்டியின் வேலையை சாப்ட்வேராக எழுதி சாதாரண சர்வரில் ஓட்டுவோம் என்பதே அதன் சாரம். இதற்குப் பெயர் என்.எஃப்.வி. இன்னொரு பெட்டி வேண்டுமா? சாப்ட்வேரில் இன்னொரு நகல் ஓடவிட்டால் போதும்.

எட்ஜ் என்றால்?

எட்ஜ் என்றால் ஓரம். சர்வரை எங்கோ தூரத்தில் வைக்காமல், நாம் இருக்கும் பக்கமாகக் கொண்டுவந்து வைப்பது. சின்னக் கணக்கு போடுவோம். ஃபைபரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். 1,000 கி.மீ. தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட். சுமார் 75 கி.மீ. தூரத்துச் சென்னை என்றால் 0.75 மில்லி செகண்ட்தான். வழியில் ரூட்டர்கள் எடுக்கும் நேரம் தனி. போனில் பேச இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் ஃபாக்டரியில் ஓடும் பெல்ட்டில் கேமரா பழுதைக் கண்டுபிடித்து உடனே நிறுத்த வேண்டும் என்றால் பெரிதுதான். 2022 செப்டம்பரில் ஏர்டெல்லும் ஐ.பி.எம்.மும் 20 நகரங்களில் 120 எட்ஜ் மையங்கள் என்று ஒரு திட்டத்தை அறிவித்தன.

சரி, 120 இடத்திலும் ராத்திரி பகலாக ஆள் போட முடியுமா? முடியாது. அதனால்தான் ஆட்டோமேஷன்.

தறியில் பார்த்ததுதான்

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் படி ஏறியவன். அப்பா, தாத்தா எல்லாம் தறிக்குழியில் கால் விட்டவர்கள். ஜக்கார்டு வருவதற்கு முன், அடை கட்டி, நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் இழை இழுத்துக் கொடுத்தால்தான் டிசைன் விழும் என்று தாத்தா சொல்வார். ஜக்கார்டு வந்ததும் டிசைன் அட்டைக்குப் போய்விட்டது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும்.

நெட்வொர்க்கிலும் அப்படியே. "இந்த சேவை காஞ்சிபுரத்தில் 3 நகல் ஓட வேண்டும், கூட்டம் ஏறினால் 10 வரை போகலாம்" என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். அதுதான் அட்டை. 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டீஸ் போன்ற சாப்ட்வேர் அதைப் படித்து வேலையை நடத்துகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. இழை அறுந்தால் ஜக்கார்டுக்குத் தெரியாது, நெய்பவர்தான் பார்த்து முடிச்சுப் போட வேண்டும். இந்த சாப்ட்வேரோ, எழுதியதையும் நடப்பதையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு நகல் விழுந்தால் தானே இன்னொன்றை எழுப்பும்.

ஆனால் சாப்ட்வேரால் புது அலைவரிசையை உண்டாக்க முடியாது. திருவிழாவுக்கு வண்டியில் தற்காலிக டவர் வரத்தான் வேண்டும். கரண்டும் ஃபைபரும் கொடுத்துவிட்டால், அது தானே மையத்தைத் தேடி, தன் செட்டிங்கை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும். ஆட்டோமேஷன் உதவுவது அங்கேதான்.

அட்டை தப்பினால்?

ஒரு அட்டை தப்பாக அடித்தால் புடவை முழுக்க புட்டா தப்பாக விழும். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் நெட்வொர்க்கை மேம்படுத்தும்போது ஒரு செட்டிங் தவறியது. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் போனும் இன்டர்நெட்டும் இழந்தார்கள். அவசர எண் 911 கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. எனவே முதலில் ஓரிடத்தில் மாற்றிப் பார்த்து, சரியானால் மட்டுமே மற்ற இடங்களுக்குப் பரப்ப வேண்டும். தப்பானால் பழையபடி திரும்பவும் வழி வேண்டும்.

நமக்கு வேலை இருக்குமா?

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எல்லாம் தானா நடந்தா, உனக்கு என்னடா வேலை கண்ணு?"

பதில் சொல்லத் திணறினேன். உண்மை என்னவென்றால், சில வேலைகள் போகத்தான் செய்யும். 1960-இல் லக்னோ - கான்பூர் இடையே எஸ்.டி.டி. வந்தது. பிறகு ஊர் ஊராக டிரங்க் கால் ஆபரேட்டர் நாற்காலி காலியாயிற்று. அடை இழுத்தவரும் அப்படித்தான். ஆனால் அட்டை அடிப்பவர், டிசைன் போடுபவர் என்று புது வேலைகளும் வந்தன. கஷ்டம் என்னவென்றால், போன வேலையைச் செய்தவருக்கே புது வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கற்றுக்கொண்டவருக்குத்தான் கிடைக்கும்.

கற்றுக்கொண்டால் நம்மாலும் முடியும். 1984-இல் தொடங்கிய சி-டாட், 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சை நிறுவியது. அதே சி-டாட்டின் கோர், தேஜஸ் நிறுவனத்தின் ரேடியோ, டி.சி.எஸ்.ஸின் ஒருங்கிணைப்பு மூன்றும் சேர்ந்த பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி, 97,500-க்கும் மேற்பட்ட டவர்களோடு 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

ஆகவே நண்பர்களே, லேபில் ஃபைபர் ஸ்ப்ளைசிங் பழகும் கையோடு லினக்ஸ், ஐ.பி. ரூட்டிங், கொஞ்சம் பைத்தான் இவற்றையும் பழகிக்கொள்வோம். ஜே.சி.பி. வெட்டிய கேபிளை ஒட்டவும் ஆள் வேண்டும், அட்டையைச் சரியாக எழுதவும் ஆள் வேண்டும். இரண்டும் தெரிந்தவனை யாரும் லேசில் அனுப்ப மாட்டார்கள்.

அத்திவரதர் அடுத்து வருவது 2059-இல். அப்போது நமக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அந்தக் கூட்டத்திலும் ஒரு பையன் அப்பாவின் கையை விடுவான். அவன் போட்டதும் லைன் கிடைக்க வேண்டும். அது நம் கையில்தான் இருக்கிறது.