புறப்படும் முன் ஒரு சீட்டு

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் நான். பாதையில் வேலை நடக்கும் இடங்களில் வண்டி மெதுவாகப் போக வேண்டும். அதற்காக ஸ்டேஷனில் டிரைவரிடம் ‘காஷன் ஆர்டர்’ என்ற சீட்டைக் கொடுப்பார்கள். எந்தக் கிலோமீட்டரில் என்ன வேகம் என்பது அதில் இருக்கும். என்ஜின் அதேதான், சீட்டுதான் மாறும்.

ஓய்வுக்குப் பின் நம் சங்க நூலகக் கணிப்பொறி என் பொறுப்பில் வந்தது. அங்கேயும் அதே சீட்டைக் கண்டேன்!

ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய அனைத்தையும் ஒன்றாகக் கட்டிய பெட்டிக்குக் ‘கன்டெய்னர்’ என்று பெயர். 2013-இல் வந்த ‘டாக்கர்’ இதைப் பரவலாக்கியது. கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் போன்ற இடத்துக்கு இடம் மாறும் விவரங்களைப் பெட்டிக்குள் வைப்பதில்லை; கிளப்பும்போது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். இவையே ‘என்விரான்மென்ட் வேரியபிள்’கள். 1979-ஆம் ஆண்டு யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த ஏற்பாடு இது.

நம் நூல் பட்டியலும் உறுப்பினர் முகவரிகளும் ‘போஸ்ட்கிரெஸ்’ பெட்டியில் இருக்கின்றன. கடவுச்சொல் சீட்டு இல்லாமல் முதல் தடவை அது கிளம்பவே கிளம்பாது. இதை அமைத்துக் கொடுத்த தம்பி வேலை கிடைத்து வெளியூர் போனதும், கடவுச்சொல்லை மாற்றுவதே முறை என்று சீட்டில் புதியதை எழுதி, பெட்டியைப் புதிதாகக் கிளப்பினேன். நூலகம் வழக்கம்போல் ஓடியது. எனக்கு ஒரே பெருமை!

இரண்டு வாரம் கழித்துப் பேத்தி கேட்டாள்: “தாத்தா, பழைய கடவுச்சொல் திறக்கிறதா என்று பார்த்தீர்களா?”

பார்த்தேன். திறந்தது! அத்தனை குடும்பங்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பழைய பூட்டிலேயே இருந்திருக்கின்றன.

காரணம் இதுதான். தரவு எதுவும் இல்லாத முதல் நாளில் மட்டுமே போஸ்ட்கிரெஸ் அந்தச் சீட்டைப் படிக்கிறது. பிறகு மாற்ற, தரவுத்தளத்துக்குள்ளேயே கட்டளை கொடுக்க வேண்டும். நூலகப் புரோகிராமின் சீட்டில் பழைய கடவுச்சொல்லே இருந்ததால் அதுவும் தடையின்றி ஓடியிருக்கிறது. அன்றே இரண்டையும் மாற்றினேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஓடும் பெட்டிக்குப் புதுச் சீட்டு தெரியாது. நிறுத்திக் கிளப்பினாலும் போதாது. அதை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். அடுத்தது, டாக்கரைக் கையாளும் எவரும் சீட்டைப் படித்துவிடலாம். ஆகவே கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து, கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் சீட்டில் எழுதுவது நல்லது.

வேலை முடிந்த பாதையை நேரில் பார்க்காமல் நாங்கள் வண்டி விட்டதில்லை. கணிப்பொறி முன் உட்கார்ந்ததும் அதை எப்படி மறந்தேனோ!