பொலிக்குதிரையின் வருகையும் பழைய துணையின் பாதுகாப்பும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு மேய்ச்சல் நிலம் வைத்து ஷெட்லாண்ட், வெல்ஷ் இன மட்டக்குதிரைகளை வளர்ப்போர் பலர். அவர்கள் பொலிக்குதிரையை, அதாவது காயடிக்கப்படாத ஆண்குதிரையை, வாங்கிவந்த அன்றே பழைய குதிரையோடு அவிழ்த்துவிடுவது ஆபத்தானது. அதற்கு அஞ்சி அதை ஆயுள் முழுவதும் தனிக்கொட்டிலில் அடைப்பதோ கூட்டமாக வாழும் உயிருக்கு இழைக்கும் கொடுமை. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பிற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவையை, பொறுப்பாளர் கவனிக்க வேண்டிய ஐந்து தேவைகளுள் ஒன்றாக 9ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. இக்கடமை புதிய குதிரைக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே அங்கு மேயும் துணைக்கும் உரியது. முதுமையால் கால் தளர்ந்து விலகி ஓட இயலாத துணையாயின் அதன் பாதுகாப்பையே முதலில் எண்ண வேண்டும்.

வந்த குதிரையை ஏறக்குறைய 3 வாரம் தனியே வைத்து, அதற்கெனத் தனி வாளி, தூரிகை ஒதுக்கி, நாள்தோறும் உடல்வெப்பம் பார்ப்பது நல்லது. ஸ்ட்ராங்கிள்ஸ் எனப்படும் தொற்று, தாடைக்கடியிலும் தொண்டையிலும் உள்ள நிணநீர்ச் சுரப்பிகளை வீங்கச் செய்து சீழ் பிடிக்க வைப்பது. நோய்க்குறி எதுவும் காட்டாமலே அக்கிருமியைச் சுமந்து திரியும் குதிரைகளும் உண்டென்பதால், மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்வது வீண் செலவாகாது.

பழைய துணை பெட்டையாக இருந்தால், குட்டி வேண்டாதவர்கள் இரண்டையும் ஒரே வேலிக்குள் விடவே கூடாது. 11 மாதச் சினைக்காலத்தின் சுமையை அந்தப் பெட்டையே தாங்க வேண்டியிருக்கும். துணை காயடித்த ஆணோ மற்றொரு பொலியோ ஆயின் இணக்கம் இயலாததன்று. சுவிட்சர்லாந்தின் அவான்ஷ் நகரிலுள்ள தேசியக் குதிரைப் பண்ணையில் பொலிகளைக் கூட்டாக மேயவிட்டு ஆராய்ந்தபோது, தொடக்கத்து மோதல்கள் சில நாள்களிலேயே வெகுவாகத் தணிந்தன. ஆனால் பெட்டைகள் அருகில் மேயும் நிலத்தில் அத்தகைய அமைதியை எதிர்பார்ப்பது சரியன்று.

முதலில் இரட்டை வேலிக்கு இருபுறமும் நிறுத்தி ஒன்றையொன்று காணவும் மோப்பம் பிடிக்கவும் விட்டு, பதற்றம் அடங்கிய பின்னரே ஒற்றை வேலிக்கு மாற்ற வேண்டும். முள்கம்பி வேலி எந்நிலையிலும் ஆகாது. பின்னங்கால் லாடங்களைக் கழற்றிய பிறகு, ஒதுங்கி ஓட இடமுள்ள பரந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், குதிரைகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான உலர்புல் குவியல்களைத் தள்ளித்தள்ளி இட்டு அவிழ்த்துவிடலாம். அவை மூக்கோடு மூக்கு வைத்துக் கிறீச்சிடுவதும், முன்னங்காலால் தரையை அறைவதும், மாறிமாறி இலத்தியை மோந்து அதன்மேலேயே இலத்தி இடுவதும் வலிமையை அளந்துகொள்ளும் சடங்குகளே. அப்போது மனிதர் நடுவே புகுவதுதான் ஆபத்து. ஒன்று மற்றதை மேயவிடாமல் ஓயாது துரத்தினாலோ, மூலையில் மடக்கிக் கடித்தாலோ, இணக்கத்துக்குக் காத்திராமல் பிரித்துவிட வேண்டும்.

காயடித்தது என்று நம்பி வாங்கிய குதிரை பொலியைப் போல நடந்துகொண்டால், ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும். இத்தகைய குதிரையை ஆங்கிலத்தில் ‘ரிக்’ என்பர்; இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். வணிகரிடம் வாங்கியதாயின், சொன்ன விவரத்துக்கு மாறானதைப் பொதுவாக 30 நாள்களுக்குள் திருப்பித்தரும் உரிமையை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அளிக்கிறது; தனிநபரிடம் வாங்குவோருக்கு இவ்வளவு பாதுகாப்பு இல்லையாதலால், விற்பவரின் விவரிப்பை எழுத்தில் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது.

இனப்பெருக்க நோக்கமில்லாத குதிரைக்குக் காயடிப்பே மிகப் பயனுள்ள தீர்வு; அதன் பின்னரும் உடலில் விந்தணுக்கள் சில காலம் எஞ்சியிருக்கும் என்பதால், ஏறத்தாழ 6 வாரம் பெட்டைகளிடமிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.