கிரகணத்தின் மேல் பழி!

குழந்தைக்குக் கண்ணிலோ காதிலோ குறை என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு வெளியில வந்தியா? அரிவாள்மணையில காய் நறுக்கினியா?" என்பதுதான். இந்தப் பேச்சை என் சின்ன நாத்தனார் வருஷக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

1995 அக்டோபர் 24ம் தேதி, தீபாவளியை ஒட்டி, காலையில் சூரிய கிரகணம். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான். 1996 மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ கூட இல்லை. இரண்டு மாதத்தில் இடது கண்மணியின் நடுவில் பால் சொட்டு விட்டது போல வெள்ளை. மாமியார், "நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டாளா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா கிரகணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "முதல் மூணு மாசத்துல காய்ச்சல் வந்து உடம்புல சிவப்பா தடிச்சுதாம்மா?" என்றுதான் கேட்டார். நாத்தனார் யோசித்துப் பார்த்துச் சொன்னாள். ஆகஸ்டில், மூன்றாம் மாதம் நடக்கும்போது, கொழுந்தன் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து மணல்வாரி போல ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுக்குச் சரியானதும் இவளுக்கு இரண்டு நாள் லேசான காய்ச்சல், முகத்திலும் கழுத்திலும் சிறு பொரி, காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிட்டது. வேப்பிலை வைத்து, தலைக்கு ஊற்றி, அதோடு மறந்தும் போனார்கள்.

அதுதான் ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். (ஜெர்மனிக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம், அந்த நாட்டு டாக்டர்கள்தான் அதை முதலில் தனி நோயாகப் பிரித்துச் சொன்னார்கள் என்பது மட்டுமே.) நமக்கு வந்தால் சாதாரணக் காய்ச்சல். பாதிப் பேருக்குப் பொரி கூடத் தெரியாது. ஆனால் முதல் 12 வாரத்துக்குள் கர்ப்பிணிக்கு வந்தால், அந்தக் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகிறது. கண், காது, இதயம், மூளை எல்லாம் உருவாகிற நேரம் அது. அப்போது வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு ஏதாவது பாதிப்பு வரலாம். ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டால் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கிரகணம் பிடித்த நாளில் அந்தக் குழந்தையின் கண் உருவாகி முடிந்து எத்தனையோ வாரமாகியிருந்தது! இதை அவள் மாமியாரிடமும் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது.

இந்த உண்மையைக் கண்டுபிடித்ததிலும் தாய்மாருக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில், சிட்னியில், நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் கண்ணில் புரையோடு கைக்குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். வெளியே காத்திருந்த அம்மாக்கள், மாசமா இருந்தப்ப எனக்கு அம்மை வந்துச்சு, எனக்கும்தான் என்று பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். 1941ல் அவர் எழுதிய கட்டுரையில் இருந்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்த அம்மை வந்திருந்தது. நம் ஊரிலும் 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராய்ந்தபோது, ஒரு வயதுக்குட்பட்ட கண்புரைக் குழந்தைகளில் நாலில் ஒரு பங்குக்குக் காரணம் ரூபெல்லா என்று தெரிந்தது.

எங்கள் குழந்தைக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. இதயத்தில் மூடாமல் இருந்த குழாயையும் சரிசெய்தார்கள். காதுதான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டது. யாராவது கிட்டே போனால் சிரிப்பாள், கதவைச் சாத்தினால் தரை அதிர்வதை உணர்ந்து திரும்புவாள். பேச்சு வராததற்கு, "அவ அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று ஒரு சமாதானம். 1997 தீபாவளி அன்று ஜன்னலோரம் அணுகுண்டு வெடித்தும் அவள் தூக்கம் கலையவில்லை. அதன் பிறகுதான் காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. மெஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என் நாத்தனார். இப்போது அந்தப் பெண் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். கொரோனாவில் ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு பேசியபோது அவள் பட்ட பாடு தனிக்கதை.

இந்த நோயில் காது கேட்பது பிறந்தபோது சரியாக இருந்து, பிறகு குறைவதும் உண்டாம். ஆகவே ஒருமுறை பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டாலும், திரும்பத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, இப்படிப் பிறக்கும் குழந்தையின் எச்சில், மூத்திரம் வழியாக ஒரு வருஷம் வரை கூடக் கிருமி வெளியேறலாம். பிள்ளை பார்க்க வரும் கர்ப்பிணிகள் அந்தக் குழந்தையைத் தூக்காமல் இருப்பது நல்லது. ஒதுக்கி வைக்க அல்ல, பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன்.

வந்தபின் இதை மாற்ற மருந்து கிடையாது; வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்று பிள்ளையை லீவு போட வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இப்போது குழந்தைகளுக்கு 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் 2017ல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்களை யோசித்துப் பாருங்கள். இன்று கல்யாணம், பிள்ளைப்பேறு என்று நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். சிறுவயதில் தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் சரி; இல்லையென்றால் அந்த ஊசி போட்டதாகவே இருக்காது.

கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். என் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிட்டோம். "இது என்ன புது சம்பிரதாயம்?" என்று சம்பந்தியம்மா சிரித்தார். போன மாதம் அவருடைய தங்கை மருமகளுக்குப் பிரசவம் ஆனதும், தாய்ப்பால் கொடுக்கும்போது போடலாமா என்று எனக்கே போன் பண்ணிக் கேட்டார். தாராளமாகப் போடலாம்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்