பல்லும் எலும்பும் ஒரே வரியில்

கை முறிந்தால் அன்றே மாவுக்கட்டுப் போட ஓடுகிறவர்கள், பல் உடைந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. எலும்போ பல்லோ முறிந்தால், இடம் பெயர்ந்தால் அது கொடுங்காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது. உண்மையில் பல்லின் பாடு இன்னும் மோசம். முறிந்த எலும்பு கூடும். விரிசல் விட்ட எனாமல் கூடாது, அதை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. வலியே இல்லையே என்பார்கள். விரிசல் விட்ட பல், கடித்ததை விடும்போது சுரீரென்று ஒரு கணம் குத்திவிட்டு அடங்கும். அடங்கிவிட்டதால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும். விரிசல் மேலோடு இருக்கும்போது கேப் போட்டுக் காப்பாற்றலாம். வேருக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

பல் முழுதாகத் தெறித்து விழுந்தால் நாள் கணக்கு உதவாது, நிமிடக் கணக்குதான். விழுந்தது நிலைப்பல் என்றால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள்; வேரைத் தொடாதீர்கள். மண் இருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில நொடி அலசினால் போதும். தேய்க்கக் கூடாது, சோப்பு கூடவே கூடாது. இருந்த குழியிலேயே பொருத்தி, சுத்தமான துணியைக் கடிக்கவைத்துப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பொருத்த முடியவில்லையா, பாலில் போட்டு எடுத்துப்போங்கள். கைக்குட்டையில் சுற்றாதீர்கள். வேரைச் சுற்றியுள்ள சவ்வு காய்ந்து ஒரு மணி நேரம் போனால் பல் பிழைப்பது அரிது. பள்ளிக்கூடங்களில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது, இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல்லுக்குக் கேடு. உடைந்த துண்டைக்கூட எறியாதீர்கள். பல நேரம் ஒட்டிவிடலாம். அடிபட்டவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை விட்டுவிட்டு முதலில் தலையைப் பாருங்கள்.

அடிதடியிலோ விபத்திலோ உடைந்த பல்லுக்குக் காகிதம் வேண்டும். அவசரப் பிரிவில் உதட்டுக்குத் தையல் போட்டு, 'உதட்டில் காயம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பல் என்ற சொல்லே அதில் இருக்காது. எந்தப் பல், உடைந்ததா ஆடுகிறதா, எப்படி நடந்தது என்று விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.இல், எழுதும்வரை நகராதீர்கள், எக்ஸ்ரேயும் கேளுங்கள். சாதாரணக் காயத்துக்கு உச்சத் தண்டனை ஓராண்டு, வேண்டுமென்றே விளைவித்த கொடுங்காயத்துக்கு ஏழாண்டு. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வழக்கு முதல் கணக்கிலேயே நின்றுவிடலாம். இன்சூரன்ஸ் கேட்கவும் இந்தக் காகிதம்தான் ஆதாரம். பல் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராத பாலிசிகள் பலவும் விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டும் தருகின்றன.

செலவுக்குப் பயந்து பதிவில்லாத ஆளிடம் போவது இன்னொரு கேடு. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியாரிடம் போனால் டாக்டரின் பதிவு எண்ணைப் பாருங்கள், ரசீது வாங்குங்கள். சிகிச்சையில் குறை இருந்தால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாமல் போனால் பணம் கொடுத்ததை நிரூபிப்பதே பெரும்பாடு.